முழு நைட் பார்த்துவிட்டு வந்தவர்

பெரிய ஆளைச் சின்ன ஆள் அடித்துச் சாய்க்க முடியும் என்று எனக்கு முதன்முதலில் பட்டது ராஜபாளையம் நூலகத்தில், அரையாண்டு விடுமுறையின் இரண்டாம் நாள் காலையில். எனக்குப் பதின்மூன்று வயது. அட்டை போன ஓர் ஆங்கில விளையாட்டுப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நடுப்பக்கத்தில் ஒரு படம். கயிறு கட்டிய மேடையில் மலை போல ஒரு மனிதன் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில், அவன் எழுந்து நின்றால் தோளுக்குக்கூட எட்டாத ஒருவன், தான் செய்ததைத் தானே நம்பாதவன் மாதிரி கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். தங்களைவிட மிகப் பெரியவர்களை, பலசாலிகளை வென்ற குத்துச்சண்டை வீரர்களைப் பற்றிய கட்டுரை அது. ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு படம், ஒவ்வொரு படத்திலும் கீழே கிடக்கும் ஒரு மலை.

எனக்கு உடனே மாமாவின் ஞாபகம் வந்தது. மாமா பிழைத்துவிட்டார் என்று தோன்றியது. பத்திரிகையைப் பாவாடை மடிப்பில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கவே இல்லை. அந்த நூலகருக்கு நான் இன்னும் கடமைப்பட்டவள்.

உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும், அதனால் சொன்னால் புரியும். அந்த வயதில் ஒரு விஷயம் மண்டைக்குள் போய்விட்டால் அதை நடத்திப் பார்க்காமல் சோறு இறங்காது. இப்போது மாடிப்படி ஏறி நின்றுகொண்டு எதற்காக ஏறினேன் என்று யோசிக்கிறேன். அன்றைய சுறுசுறுப்பை நினைத்தாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது. யாராவது என்னைப் பிடித்து ஓர் இடத்தில் உட்காரவைத்திருக்கலாம்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. எண்பதுகளின் கடைசி அது. அவருக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் தங்கி நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தார். நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றிவிட்டு வெற்றுக் கண்டுகளை மாட்டும் வேலை, டாஃபர் என்பார்கள். கை அவ்வளவு வேகமாக ஓடும். ஆனால் ஆள் ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். சட்டையைக் கொடியில் போட்டால் எப்படித் தொங்குமோ அப்படித்தான் அவர் மேலும் தொங்கும்.

நான்கு வருடமாக அவர் பதிலி. நிரந்தரத் தொழிலாளி யாராவது வராதபோது அந்த இடத்தை நிரப்புகிறவர். சோழபுரத்தில் அவருக்கு ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரே வார்த்தை சொல்லியிருந்தார்: "பங்குனி வரைக்கும் பாக்கேன். மாப்ள பெர்மனென்ட் ஆகட்டும். இல்லனா எம் பொண்ணுக்கு வேற எடம் இருக்கு."

அந்த நேரத்தில்தான் மில்லுக்குப் புது மேனேஜர் வந்தார். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் விளையாட்டு என்றால் பாஸ்கட்பால்தான். அந்த மேனேஜருக்கு மட்டும் குத்துச்சண்டை. கல்லூரியில் சண்டை போட்டவராம். மூக்கு சற்றுக் கோணல். மில்களுக்கிடையே நடக்கும் போட்டிக்கு நம் மில்லிலிருந்தும் ஒரு குத்துச்சண்டைக்காரன் வேண்டும், பதிலிகளில் விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம், தேர்வுச் சண்டையில் ஜெயிப்பவனுக்குப் பெர்மனென்ட் ஆர்டர் என்று அறிவித்துவிட்டார். பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். மறுநாள் வன்னியம்பட்டிக்காரர் பெயர் கொடுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் தங்கள் பெயரை அடித்துவிட்டார்கள். பத்தாவது ஆளுக்குத் திடீரென்று முதுகு பிடித்துக்கொண்டது. மாமா மட்டும் பாக்கி.

"நீங்க ஏன் மாமா அடிக்கல?" என்று கேட்டேன்.

"அடிக்கத்தான் போனேன். கிளார்க்குட்ட பேனா கேட்டேன், மை இல்லன்னுட்டாரு."

எடைப் பிரிவு ஏதாவது உண்டா என்று மாமா மேனேஜரிடமே போய்க் கேட்டிருக்கிறார். "இருக்கறதே ரெண்டு பேர். இதுல பிரிவு எதுக்குப்பா?" என்றாராம் மேனேஜர்.

வன்னியம்பட்டிக்காரரை நீங்கள் பார்த்ததில்லை. பஞ்சு பேல்களை உடைத்துக் கலக்கும் பகுதியில் வேலை. மூன்று பேர் சேர்ந்து உருட்டும் பேலை ஒரு தோளைக் கொடுத்து நகர்த்திவிடுவார். மில் வாசல் கதவில் பெரிய கதவைத் திறக்காமல் சின்னத் திட்டிவாசலை மட்டும் திறந்திருந்தால் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார். புருவத்தில், காது மடலில், மார்பு முடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். அவரும் பதிலிதான், ஆறு வருடமாக. மனைவி, இரண்டு பிள்ளைகள், குத்தகைக்குக் கொஞ்சம் நெல் வயல்.

*

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அந்தக் கட்டுரையை அகராதி வைத்துத் தமிழில் எழுதினேன். மூன்று நாள் ஆனது. அதிலிருந்து நான்கு விதிகளைப் பிரித்தெடுத்தேன்.

பெரியவன் கைக்கு எட்டாத தூரத்தில் நில், இல்லாவிட்டால் அவன் கையை நீட்ட முடியாத அளவுக்கு ஒட்டி நில். நடுவில் மட்டும் நிற்காதே. தலை உயரத்தில் இருக்கிறது, அதை மற, விலாவை அடி. முதலில் அவனை வீசவிடு. நான்காவதுதான் கட்டுரையின் கடைசிப் பத்தி. அந்த மலைகளில் பாதிப் பேரை வீழ்த்தியது சின்னவனின் கை இல்லையாம். பெரிய உடம்பு ஒரு பாரம், அதைச் சுமந்துகொண்டே அவன் சண்டை போட வேண்டும். களைத்த பெரியவன் யார் தொட்டாலும் விழுவான் என்றிருந்தது. 'களைப்பு' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

பயிற்சி எங்கள் லைன் வீட்டு மொட்டை மாடியில். சணல் சாக்கில் கழிவுப் பஞ்சைத் திணித்துத் தண்ணீர்க் குழாயில் கட்டித் தொங்கவிட்டோம். வன்னியம்பட்டிக்காரரின் நீண்ட கைக்கு அப்பாவின் குடை. நான் ஒரு முக்காலி மேல் ஏறி நின்று குடையை மடக்கியபடி மாமாவின் முகத்துக்கு நேராகக் குத்துவேன். அவர் அதற்குக் கீழே குனிந்து உள்ளே வந்து சாக்கின் விலாவில் நான்கு குத்து விட்டுவிட்டு வெளியேற வேண்டும்.

அடுத்த மாடியில் வடகம் காயப்போட வரும், தெலுங்கு பேசும் ராஜு வீட்டு அத்தை முதல் நாள் பயந்துபோய்விட்டாள். "ஏமம்மா, மாமாவ எதுக்கு குடையால குத்துத? அக்காட்ட சொல்லட்டா?"

"இது விஞ்ஞானம் அத்தை."

"மழை பேஞ்சா என்ன செய்வீங்க?"

மாமா மூச்சிரைக்கச் சிரித்தார். "மழை பேஞ்சா குடைய விரிச்சுக் குத்துவா அத்தை இவ."

ஒரு வாரத்தில் குடைக்கம்பி இரண்டு வளைந்தது. பத்து நாளில் மாமா குடையின் கீழே தண்ணீர் மாதிரி நுழைந்து வெளியே வந்தார். டாஃபர் கை அல்லவா, நான்கு குத்துகள் எண்ணுவதற்குள் முடிந்துவிடும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் சாக்கு மட்டும் அசையவே அசையாது. அடித்துவிட்டு மாமா அதைப் பார்ப்பார். அப்புறம் என்னைப் பார்ப்பார். ஒரு நாள் அப்படியே உட்கார்ந்து சொன்னார்:

"ஏட்டி, இது பஞ்சுச் சாக்கு. இதுவே ஆடலயே. அவியள நான் என்ன செஞ்சு ஆட்ட?"

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. இரவெல்லாம் நோட்டைப் புரட்டினேன். மூன்று விதிகளை மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. நான்காவது விதி மாமா கையில் இல்லை.

*

அப்பா அதே மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவருக்குக் காப்பித் தூக்குக் கொடுப்பது என் வேலை. டைம் ஆபீஸ் ஜன்னல் வாசலை ஒட்டி இருக்கும். ஷிப்ட் மாறும் நேரத்தில் அங்கே நின்றால் எண்ணெயும் வியர்வையும் பஞ்சுத் தூசியும் கலந்த வெதுவெதுப்பான வாடை முகத்தில் வந்து மோதும். எங்கள் வீட்டில் துவைத்த துணியில்கூட அந்த வாடை உண்டு. அம்மாவுக்கு அது வாடை என்றே தெரியாது.

சண்டைக்குப் பத்து நாள் இருக்கும்போது வன்னியம்பட்டிக்காரர் ஜன்னலில் குனிந்து அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் தூக்கோடு பக்கத்தில் நின்றேன்.

"ஐயா, அடுத்த வாரம் மட்டும் எனக்குப் பகல் ஷிப்ட் போட்டுக் குடுங்க. வயல்ல அறுப்பு. முழு நைட்னா காலையில நேரா களத்துக்குத்தான் போகணும். வீட்டுல கெடந்து ஒறங்கவா விடுவாக? பகல் ஷிப்ட்னா ராத்திரியாவது ஒறங்குவேன். ஞாயித்துக்கிழம சண்ட வேற இருக்கு."

"பாப்போம்ப்பா" என்றார் அப்பா. அப்பாவின் 'பாப்போம்' என்றால் சரி என்று அர்த்தம்.

வன்னியம்பட்டிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். உட்கார்ந்து என் உயரத்துக்கு வந்தார். உட்கார்ந்தும் அவர்தான் உயரம்.

"பாப்பாதான் கோச்சாமே? குடையெல்லாம் வச்சுச் சொல்லித் தாரீகளாம்?"

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"பயப்படாத தாயி. ஒங்க மாமாவப் பாத்து அடிப்பேன். மாப்ளைல்லா, மூஞ்சிய விட்டுருதேன்."

சிரித்தபோது புருவத்துப் பஞ்சு உதிர்ந்து என் தூக்கின் மூடியில் விழுந்தது. நான் அதை ஊதிவிட்டேன். நல்ல மனிதர் என்று அன்றே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்வதற்கு எனக்கு வழியில்லை.

பதிலிகளின் ஷிப்ட் பட்டியலை அப்பா சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவருவார். பென்சிலில் கோழி கிளறியது போல எழுதியிருப்பார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது, மேலே சொல்லிக்கொள்ளவில்லை. அதைப் பெரிய வெள்ளைத் தாளில் மூன்று பத்தியாகக் கோடு போட்டு நீல மையில் எழுதுவது நான். பகல், நடுராத்திரியோடு முடியும் அரை நைட், விடியும்வரை முழு நைட். ஞாயிற்றுக்கிழமை அது வாசல் பலகையில் ஒட்டப்படும். என் கையெழுத்தில்தான் அந்த மில்லின் பதிலிகள் ஒரு வருடமாகத் தூங்கியதும் விழித்ததும். மில்லில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அதிலென்ன என்றிருப்பார்கள். அச்சடித்த மாதிரி இருக்கும் என் எழுத்து.

அந்தச் சனிக்கிழமை அப்பா எழுதியிருந்தபடி வன்னியம்பட்டிக்காரர் பகலில் இருந்தார். கலவைப் பகுதியின் இன்னொரு பதிலி முழு நைட்டில் இருந்தார். நான் இரண்டு பேரையும் இடம் மாற்றி எழுதினேன்.

அவ்வளவுதான். அடித்தல் திருத்தல் இல்லை. வழக்கத்தைவிட அழகாக வந்தது. மை காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமா உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். "என் பேரு எங்கட்டி?" என்றார். பகல் பத்தியில் அவர் பெயரைத் தொட்டுக் காட்டினேன். "அப்பாடா" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துப் பத்தியை அவர் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் தூக்கோடு போனபோது வன்னியம்பட்டிக்காரர் ஜன்னலில் நின்றிருந்தார்.

"ஐயா, பகல் கேட்டிருந்தேன். முழு நைட்ல போட்டிருக்கீக."

அப்பா எழுந்து வாசல் பலகைக்கு வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டியலைப் படித்தார். நீண்ட நேரம் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் பென்சில் தாளை எடுத்தார், பிரிக்கவில்லை, திரும்ப வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒட்டியாச்சுப்பா. ஒருத்தருக்கு மாத்துனா எல்லாரும் கேப்பாக" என்றார்.

"சரிங்கய்யா" என்றார் அவர். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னதாக ஒரு 'சரிங்கய்யா'.

பகல் கிடைத்த இன்னொரு பதிலி மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு நன்றி சொன்னார். அப்பா அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து பட்டியலை அவரே எழுதினார். "இனிமே நானே எழுதிக்கிடுதேன், நீ பாடத்தப் படி" என்றார். என் எழுத்தில் ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டார் என்று நான் அழுதேன். அம்மா, தன் தம்பிக்காக என்னிடம் சொல்லி அப்படி எழுத வைத்திருக்கிறாள் என்று அவர் நினைத்திருக்கிறார். அந்த மாதம் முழுக்க அவர் அம்மாவிடம் சரியாகப் பேசாததன் காரணம் எனக்கு நாற்பது வயதில் புரிந்தது. அப்போது அவர் இல்லை.

*

சண்டை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் அங்கே மேடை கட்டியிருந்தார், அவர்தான் ரெஃப்ரி. வைக்கோல் பரப்பி அதன் மேல் தார்ப்பாய். நான்கு மூலையிலும் கம்பம், தென்னங்கயிற்றின் மேல் துணி சுற்றியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி. மில் லாரியில் அறுபது எழுபது பேர் வந்திறங்கினார்கள். அப்பா சைக்கிளில் வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்.

மாமாவின் கையில் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை நான்தான் சுற்றினேன். விரல்கள் பனிக்கட்டி மாதிரி இருந்தன. மேனேஜரின் இரண்டு ஜோடி கையுறைகள் பழசு. தையல் விட்ட இடங்களில் மில் பஞ்சு எட்டிப் பார்த்தது.

வன்னியம்பட்டிக்காரர் மேடையில் ஏறியதும் தார்ப்பாய் ஒரு பக்கம் சாய்ந்தது. கூட்டம் கத்தியது.

"ஏலே டாஃபரு, ஏணி கொண்டாந்தியாலே?"

"கண்டுனு நெனச்சு அவர் காதக் கழட்டிராதலே!"

முதல் ரவுண்டில் மாமா எல்லாவற்றையும் மறந்துவிட்டார். நடுவில் நின்றார், எங்கே நிற்கக் கூடாதோ அங்கே. அந்த நீண்ட கை ஒருமுறைதான் வந்தது. மாமா தார்ப்பாயில் சறுக்கிக்கொண்டுபோய்க் கயிற்றில் சாய்ந்தார். மூக்கிலிருந்து ரத்தம். வன்னியம்பட்டிக்காரர் பதறி ஓரடி முன்னால் வந்து, "மாப்ள, மூஞ்சில பட்டுட்டா?" என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. ரெஃப்ரி அவரை அதட்டிப் பின்னால் தள்ளினார்.

மணி அடித்ததும் மாமா என்னிடம் வந்து உட்கார்ந்தார். "போதும்டி" என்றார்.

"குடை மாமா. அது வெறும் குடை. கீழ போங்க."

இரண்டாவது ரவுண்டில் அவர் கீழே போனார். மாடியில் பார்த்ததை அப்படியே பார்த்தேன். கை வரும், மாமா அங்கே இருக்கமாட்டார். விலாவில் நான்கு குத்து விழும், மாமா அங்கேயும் இருக்கமாட்டார். கூட்டத்தின் சத்தமே மாறிவிட்டது. கிண்டல் செய்த வாய்களெல்லாம் இப்போது "உள்ள போலே, உள்ள போ!" என்று கத்தின. கோணல் மூக்கு மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அந்த இரண்டு நிமிடத்தைப் போல மகிழ்ச்சியான இரண்டு நிமிடம் என் வாழ்க்கையில் பிறகு வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

மூன்றாவது ரவுண்டில் வன்னியம்பட்டிக்காரரின் கைகள் மெல்ல இறங்கின. சுவரில் சாய்ந்து நிற்பவர் போல நின்றார், சுவர் இல்லை. மாமா வயிற்றில் ஒன்று கொடுத்தார். அவர் குனிந்தபோது, அந்தத் தாடை முதன்முறையாக மாமாவின் உயரத்துக்கு வந்தபோது, அதில் ஒன்று. அவர் விழவில்லை. உட்கார்ந்தார். பஸ்ஸில் இடம் கிடைத்தவர் மாதிரி உட்கார்ந்தார். ரெஃப்ரி எண்ணினார். யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுவதுபோல அவர் அந்த எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து வந்துவிட்டது.

மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். மேனேஜர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "ஆள்தான் பெருசு. நெஞ்சு இல்ல." அதை லாரியில் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். திரும்பிப் போகும்போதே வன்னியம்பட்டிக்காரருக்குப் புதுப் பெயர் வைத்தாகிவிட்டது: பஞ்சு மூட்டை.

கையுறைகளை எண்ணி வாங்கி வரச் சொல்லி மேனேஜர் என்னை அனுப்பினார். வன்னியம்பட்டிக்காரர் பள்ளிக்கூட வராந்தாவில் தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. இரண்டு கையிலும் கையுறை அப்படியே. உள்ளங்காலில் களத்து மண் காய்ந்து வெடித்திருந்தது. கெண்டைக்கால் முழுக்க வைக்கோல் கீறல். காலையில் மில்லிலிருந்து நேராகக் களத்துக்கும் களத்திலிருந்து நேராக மேடைக்கும் வந்திருக்கிறார். நான் கயிற்றை அவிழ்த்து ஒவ்வொரு கையுறையாக உருவினேன். அவர் விழிக்கவில்லை. கை கனமாக என் மடியில் விழுந்தது. அதை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

*

மாமாவுக்கு ஆர்டர் வந்தது. பங்குனியில் கல்யாணமும் ஆனது. மில்களுக்கிடையேயான போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வன்னியம்பட்டிக்காரர் சித்திரை வரை வேலைக்கு வந்தார். திட்டிவாசலில் அவர் பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் உள்ளேயிருந்து, "பஞ்சு மூட்ட வருது, பெரிய கதவத் திறங்கலே" என்று யாராவது கத்துவார்கள். அவரும் கூடச் சிரிப்பார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். தொண்ணூறுகளின் பாதியில் அந்த மில்லே நின்றுபோனது. அதுவரைக்கும் மாமா பெர்மனென்ட்.

அந்தச் சண்டையை மாமா எத்தனை முறை சொல்லியிருப்பார்! அவர் பிள்ளைகளுக்கு, என் பிள்ளைகளுக்கு, டீக்கடையில், ஆஸ்பத்திரி வரிசையில். ஒவ்வொரு முறையும் இரண்டாவது ரவுண்டை விலாவாரியாகச் சொல்வார். மூன்றாவதை, "பொறவு உக்காந்துட்டாரு" என்று முடித்துவிடுவார். அதை நான் அடக்கம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது செல்போனில் பழைய குத்துச்சண்டைகளெல்லாம் கிடைக்கின்றன. அந்தக் கட்டுரையில் இருந்த சின்னவர்கள் சிலரைத் தேடிப் பார்த்தேன். ஆச்சரியமான மனிதர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் என் கண் அவர்கள் மேல் நிற்பதில்லை. பெரியவரின் கால்களைத்தான் பார்க்கிறேன். முந்தின ராத்திரி இவர் எங்கே இருந்தார், இவர் பட்டியலை யார் எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ரசிக்க முடியாமல் போய்விட்டது.

மாமாவுக்கு வருகிற மாதம் அறுபதாம் கல்யாணம். ஒரு சிறிய விழா மலர் போடுகிறார்கள். 'மாமா ஜெயித்த கதை'யை நான் எழுத வேண்டுமாம்; கோச் அல்லவா. எழுதினேன். ஷிப்ட் பட்டியல் வரும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் மாமா வீட்டுக்குப் போய், அவர் மாத்திரை போட்டு முடிக்கும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்கவே இல்லை.

"மூணாவது ரவுண்டு மணி அடிச்சதுமே பாத்துட்டேன்டி" என்றார். "அவியளுக்குக் கண்ணு சொருகுது. நின்னுக்கிட்டே ஒறங்குதாக. கையக் காட்டி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. வயித்துல போட்டேன். பொறவு தாடையில போட்டேன்."

"ஏன் மாமா?"

"பெர்மனென்ட்."

உள்ளே அத்தை மிக்சி போட்டாள், நிறுத்தினாள்.

"ரெண்டாவது ரவுண்டு நான் அடிச்சதுதானட்டி?"

"அது ஒங்களுதுதான் மாமா."

"எங்க! ஆறு நாளா ஒறங்காதவுகளத்தான் அதுலயும் அடிச்சிருக்கேன்." செம்பை வைத்தார். "ஒறக்கமில்லன்னு எனக்குத் தெரியும். எதனாலன்னு தெரியாது. அம்புட்டுதான் வித்தியாசம்."

திட்டுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. எங்கள் இரண்டு பேருக்கும் அதற்குத் தெம்பு இல்லை.

"மலர்ல இப்பப் போடாத" என்றார் பிறகு. "மொதல்ல அவியட்ட போய்ச் சொல்லணும். இருக்காகளான்னு கேளு."

வன்னியம்பட்டியில் தெரிந்தவர் மூலம் நம்பர் வாங்கி நேற்று மத்தியானம் கூப்பிட்டேன். அவர் மகள் எடுத்தாள். நான் யாரென்று சொன்னேன். மில் என்றதும் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

"அப்பா நல்லாருக்காக. ஒறங்குதாக. மத்தியானம் சாப்புட்டுப் படுத்தா நாலு மணி வரைக்கும் அசையமாட்டாக. எழுப்பட்டா?"

"வேண்டாம் தாயி" என்றேன். "எழுப்பாதீங்க."

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் போகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறினால் மூன்று மணிக்கெல்லாம் அங்கே இருப்போம், மாமா எதற்கும் முன்னாலேயே கிளம்புகிற ஆள். ஆனால் வீட்டுக்குள் போவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். அவர் தானாக எழுந்து, முகம் கழுவி, காப்பி குடித்து முடிக்கும்வரை தெருவிலேயே எங்காவது நிழலில் நிற்பது. அது ஐந்து மணியானாலும் சரி, ஆறானாலும் சரி. அதற்குப் பிறகு வாசலில் போய்ச் சொல்ல வேண்டும். முதலில் தான்தான் பேசுவேன் என்கிறார் மாமா. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.